வேன் அக்கா அடித்த ஹாரன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குமுதா என்று விசாரித்தால் பாதிப் பேர் முழிப்பார்கள். வேன் அக்கா என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். பழைய ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் இப்போது தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகள். விடியற்காலையில் அங்கே அவள் தன் பள்ளி வேனை நிறுத்தி ஹாரன் அடித்தால், பிள்ளைகள் பின்னிய சடையும் பின்னாத சடையுமாக ஓடி வந்து ஏறிவிட வேண்டும். காத்திருக்கும் வழக்கமே அவளிடம் கிடையாது. சொந்த மகள் தினேஸ்வரிக்கும் இதே சட்டம்தான்.

தினேஸ்வரி ஹாக்கியில் படுசுட்டி. ஈப்போவில் மாநில இளையோர் அணிக்குச் சோதனை வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்றதும் குமுதாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் தேறியே ஆக வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக் குழுவின் பெண்களையெல்லாம் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஓடுவது எப்படி என்று வழிநெடுக உபதேசம் செய்தாள். அவளே கடைசியாக ஓடியது கல்யாணத்துக்கு முன்னால்.

திடலில் குதிக்க வைத்தார்கள், கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வைத்தார்கள். கடைசியாக வந்தது பீப் சோதனை. ஒலிபெருக்கியில் ‘பீப்’ என்றதும் ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்கு ஓட வேண்டும். சத்தம் போகப் போகச் சீக்கிரம் வரும். நின்றால் தொலைந்தது.

அப்போது பார்த்து, வேனை நிழலுக்கு நகர்த்தப் போன குமுதாவை ஒரு லாரி மறித்துக்கொண்டது. அவளுக்குப் பொறுக்குமா? அழுத்தினாள் ஹாரனை.

சிப்புட் பெண்கள் அத்தனை பேரும் ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வேனுக்குப் பாய்ந்து வந்தார்கள். முதல் ஆள் தினேஸ்வரி.

“என்னாடி இங்க வந்து நிக்கிற?”

“நீதானம்மா ஹாரன் அடிச்ச!”

யாரிடமும் கெஞ்சியறியாத குமுதா, சோதனையை நடத்திய பயிற்சியாளர் கோகிலனிடம் ஓடினாள்.

“சார், தப்பு என்னோடதுலா. பிள்ளைங்களுக்கு ஒன்னும் தெரியாது. இன்னொரு தடவ ஓட விடுங்க சார்.”

கோகிலன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “சாப்பிட்டு ரெஸ்ட் எடுத்துட்டு ஓடட்டும். ஆனா வேன் சாவிய எங்கிட்ட குடுத்துடுங்கக்கா.”

கழுத்துத் தாலியைக் கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தாள்.

மதிய வெயிலில் ஒவ்வொருத்தியாக நின்றுவிட, தினேஸ்வரி மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தாள். தேர்வானவர்களில் அவள் பெயரும் வந்தது. குமுதா பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத சீன அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

“அடுத்த மாசத்துலேருந்து ஈப்போ விடுதியிலதான் தங்கணும்” என்றார் கோகிலன்.

தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் இதை நினைத்தே பார்க்கவில்லை.

“வெள்ளிக்கிழமையானா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்லா” என்றாள் மகளிடம்.

“வேணாம்மா. டீம் பஸ்ஸுலயே எல்லாரோடயும் வாரேன்.”

குமுதா முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். பிறகு கோகிலனைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டாள்.

“சார், அந்த பஸ்ஸு ஓட்ட ஆள் இருக்கா?”