எண்பது நானோசெக்கன்

டெஸ்மன்ட் ஒரு மெமரி சிப்பைக் கையில் எடுத்தால், முதலில் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து அதன் முதுகைத் துடைப்பார். எழுத்து அழிந்தால் போலி. "நீ ஆர், உண்மையைச் சொல்லு" என்று அதனிடமே கேட்பார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டிகளைப் பழுதுபார்த்துவிட்டுக் கிரெய்கிபர்ன் புறநகரிலுள்ள வீட்டுக்கு வந்தால், கராஜில் இதுதான் அவருக்குப் பொழுது.

மேசையில் இருப்பது முப்பது வயது தாண்டிய அமிகா கணினி. மனைவி கத்தரின் தேவாலயப் பூசைப் பாட்டுகளுக்கு மெட்டமைப்பது அதில்தான். வேறெதிலும் அவருக்குக் கை வராது. அந்தக் கை இப்போது நடுங்குகிறது. பாட்டு நீண்டால் திரை தாமதிக்கும். சுரம் விழவில்லையாக்கும் என்று மௌஸை மறுபடி அழுத்துவார். ஒரு சுரம் இரண்டாகிவிடும். போன குளிர்காலத்தோடு எழுதுவதையே விட்டுவிட்டார்.

கணினியை விரைவாக்க டெஸ்மன்ட் ஓர் அக்சிலரேட்டர் பலகையைப் பொருத்தினார். அதற்குத் தனியாக மெமரி வேண்டும். எண்பது நானோசெக்கனில் பதில் தரும் சிப்புகள் கைவசம் இருந்தன. அவருக்கோ அறுபதில் ஆசை. "எண் குறைஞ்சால் வேகம் கூட" என்பார். இணையத்தில் வாங்கிய அறுபதுகள் பஞ்சுச் சோதனையில் தேறின. பலகையில் வேகம் குறிக்கும் சின்னச் செருகியையும் அறுபதுக்கு மாற்றினார்.

கத்தரின் வந்து உட்கார்ந்தார். உயிர்த்த ஞாயிறுப் பாட்டின் பல்லவிக்கு மெட்டமைத்து முடித்துச் சரணம் தொடங்கும்போது திரை அப்படியே உறைந்தது. எதுவும் சேமித்திருக்கவில்லை.

"பரவாயில்லை, விடுங்கோ" என்று குசினிக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

டெஸ்மன்ட் சாப்பிடாமல் ஒவ்வொரு சிப்பாகச் சோதித்தார். அறுபதென்று வந்தவற்றில் ஒன்று அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி எண்பதுகளைப் போட்டார், செருகியையும் மாற்றினார். மறுநாள் முழுக்கக் கணினியை ஓடவிட்டு, நின்றுபோகிறதா என்று பார்த்தார். பிறகுதான் கத்தரினைக் கூப்பிட்டார்.

"திரும்பவும் நிண்டுபோனால்?"

"இது அதைவிடக் கொஞ்சம் மெல்லத்தான். ஆனால் நடுவிலை கைவிடாது. உமக்கு எது வேணுமெண்டு கேக்காமல் என்ரை ஆசைக்கு வாங்கிப் போட்டிட்டன்."

கத்தரின் மௌஸைப் பிடித்தார். கை நடுங்கியது. அழுத்தினார். சுரம் உடனே விழுந்தது, ஒன்றே ஒன்று. தொலைந்த பல்லவியை முணுமுணுத்தபடி அடுத்ததையும் வைத்தார். பின்னால் நின்றிருந்த டெஸ்மன்டைத் திரும்பிப் பார்க்காமலே, பக்கத்துக் கதிரையை இடக்கையால் அவரிடம் தள்ளிவிட்டார்.