கோட்டுச் சிறுமியின் கண்கள்

படம் காட்டும் எந்திரத்தின் இரும்புக் கைப்பிடி நுனியில் ஒரு மரக் குமிழ் உண்டு. என் உள்ளங்கை வேர்வையில் அது கறுத்துப் பளபளத்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பாதியில், மலாயாவின் ஈப்போ நகரிலிருந்து ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் படம் கொண்டுபோய்க் காட்டிய ஒரு முதலாளியிடம் நான் படம் ஓட்டும் ஆளாக இருந்தேன். பேசாப் படங்களின் காலம். கையால் சுற்றினால்தான் திரையில் எதுவும் அசையும். அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. உலகமே என் மணிக்கட்டில் சுற்றுவதாக நினைப்பு. பெரிய படங்களைவிட, ஐந்து நிமிடம் பத்து நிமிடம் ஓடும் சித்திரப் படங்கள்தாம் எனக்கு உயிர். அமெரிக்காவிலிருந்து வந்த ஒன்றில் ஒரு யானை தன் நிழலோடு மல்லுக்கு நிற்கும். ஜெர்மனியில் செய்த ஒன்றில் கறுப்புக் காகிதத்தில் கத்தரித்த மனிதர்கள் மெல்லிய விரல்களால் பூப்பறிப்பார்கள். எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து வெறும் கோட்டுக்கு இவ்வளவு பொறுமையாக உயிர் கொடுத்திருக்கிறானே என்ற வியப்பு எனக்குத் தீரவே இல்லை.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், ரப்பர் பாளங்களுக்குப் புகை போடும் கொட்டகையில் படம் போட்டோம். அடுப்பைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்த நாட்கள் அவை. ஜன்னலே இல்லாத கட்டடம். வெளியே பிற்பகல் வெயில் கொளுத்த, உள்ளே கும்மிருட்டு. எடுக்காமல் விட்ட சில பாளங்கள் எங்கள் தலைக்கு மேல் உரித்த தோலைப் போலத் தொங்கின. கடைசியாக ஓட்டியது, எந்த நாட்டுப் படமென்று முதலாளிக்கே தெரியாத ஒன்று. வெள்ளைத் தாளில் ஒரு கை வந்து பேனாவால் வட்டம் போடும். பிறகு மூக்கு, வாய், இரட்டைச் சடை, பாவாடை. எல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டு கண்கள். கண் வைத்ததும் அந்தச் சிறுமி இமை கொட்டுவாள், தாளைவிட்டு இறங்கி நடப்பாள், குதிப்பாள். முடிவில் அதே கை ஒரு துணியால் அவளைத் துடைத்துவிடும். எல்லா ஊரிலும் அதற்குச் சிரிப்பார்கள்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ஓர் அக்கா துள்ளி எழுந்து, "அழிக்காதீங்க! கண்ணு தொறந்தாச்சு!" என்று அலறினார். கோயில் சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். திறந்த பிறகு அதைக் கல்லென்று யாரும் நினைப்பதில்லை. அந்தச் சனங்களின் கண்முன்னே நான் ஒரு பிள்ளையைத் துடைத்துவிட்டிருந்தேன். கூட்டம் கலைந்தது.

அந்த அக்கா மட்டும் போகவில்லை. அவருடைய ஏழு வயது மகள் காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று அக்கா மலைமேட்டில் பால்வெட்டிக்கொண்டிருந்தாராம். ஆள் போய்ச் சொல்லி, அவர் ஓடி வருவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

"கண்ண மூடிவிடக்கூட ஆளில்ல தம்பி. தொறந்த கண்ணோடயே மண்ணப் போட்டுட்டாங்க. தெனமும் வெள்ளன நான் பால்வாளிய எடுக்கையில வாசல்ல வந்து நிக்கிறா. இமைக்காமப் பாக்குறா. எனக்குத் தூக்கமே இல்ல." திரையைக் காட்டிக் கேட்டார்: "அந்தத் துணி வராம நிறுத்த முடியுமா?"

"கை நின்னா வெளக்குச் சூட்டுல பிலிம் பத்திக்கும் அக்கா. வேணும்னா திருப்பிச் சுத்துறேன். அழிஞ்ச பிள்ள திரும்பி வந்துரும்."

ஆறுதல் சொல்லத் தெரியாத வயது எனக்கு. வித்தை காட்டத்தான் தெரியும். கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினேன். துணி விலக விலகச் சிறுமி வந்தாள். "வா, வாம்மா" என்றபடி அக்கா திரைக்கு அருகே போனார். சிறுமி குதித்தாள், பின்னோக்கியே நடந்தாள், தாளில் ஏறி அசையாமல் நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அடுத்து வரப்போவது பேனா என்று. கையை நிறுத்தவும் வழியில்லை. பேனா இறங்கி அவளுடைய வலது கண்ணை உறிஞ்சியது. பிறகு இடது கண்ணை. கண் இல்லாத அந்த முகம் எங்களையே பார்த்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

அக்கா அலறவில்லை. திரையில் அந்த முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாக மெல்லத் தடவினார்.

"மூடிட்டா," என்றார். "நான் பக்கத்துல இருக்கையிலயே மூடிட்டா. இனிமே வரமாட்டா தம்பி."

படத்தின் ஒளி விழுந்த அவர் முதுகின் மேல் சடையும் வாயும் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. திரும்பிப் பார்க்காமல் வெயிலுக்குள் போய்விட்டார்.

இன்று என் வீட்டுத் தொலைக்காட்சியில் பேரப்பிள்ளைகள் பார்க்கும் சித்திரங்களில், உருவங்கள் நசுங்கியும் வெடித்தும் மறுநொடியே எழுந்து ஓடுகின்றன. எந்த உருவத்துக்கும் கண் வரைவதைக் காட்டுவதில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது. ஏனென்றால் அந்தத் தோட்டத்துக்கு அடுத்து நாங்கள் தாப்பா என்ற ஊருக்குப் போனோம். அதே சுருளை மாட்டச் சொன்னார் முதலாளி. மாட்டினேன். பேனா கண் வைக்க அந்தச் சிறுமியின் முகத்தருகே வந்தது. அக்கா மூடிய கண்கள் அவை. இங்கே திறந்தால் அக்காவின் மகள் மறுபடி அந்த வாசலில் போய் நிற்பாள் என்று நான் நம்பினேன். இன்றும் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். வலது கை சுற்றிக்கொண்டே இருக்க, இடது உள்ளங்கையை லென்ஸின் மேல் வைத்தேன். திரை இருண்டது. "கைய எடுலா!" என்று கூச்சல் கிளம்பியது. "வேலை வேணுமா வேணாமாடா?" என்று முதலாளி என் காதில் சீறினார். சுருள் தீரும்வரை நான் கையை எடுக்கவில்லை.