குளிர் வந்த அன்றைக்கு

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி வாசலில்தான் அவளைப் பார்த்தேன். பகல் ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனித்துக்கொள்வது என் வேலை. அழைப்பில் "மயக்கம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்குள் அவளே தோழியின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்து வண்டியில் ஏறிவிட்டாள்.

"காலையில சாப்பிடல சிஸ்டர், லோ பிரஷரா இருக்கும். ஒரு குளுகோஸ் போட்டா சரியாயிடும்," என்றார் கூட வந்த சூப்பர்வைசர். கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அவள் மூச்சு விட்ட விதம்தான் எனக்கு உறுத்தியது. எங்கிருந்தோ ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள். நெற்றி கொதித்தது, விரல்கள் ஜில்லென்றிருந்தன. நாடி நூல் மாதிரி மெல்லிசாக, வேகமாக ஓடியது. பிரஷர் ரொம்பவும் இறங்கியிருந்தது.

"இப்ப எங்கம்மா இருக்கே?" என்று கேட்டேன்.

"ஊட்லதான். குக்கர் வச்சிருக்கேன், விசில் வரணும்."

தோழிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எத்தனை நாளாக உடம்பு சரியில்லை என்று விசாரித்தேன்.

"நாலஞ்சு நாளா ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு சொல்லிக்கினு இருந்தா சிஸ்டர். முந்தாநேத்து குளிர் வந்து தூக்கித் தூக்கிப் போட்டுச்சாம். மாத்திரைய போட்டுக்கினு வேலைக்கு வந்துட்டா. லைன்ல நின்னா அடிக்கடி வெளிய போவ முடியாது, அதனால நாங்க யாருமே தண்ணி குடிக்க மாட்டோம்."

"இன்னைக்கு ஒண்ணுக்குப் போனாளா?"

தோழி யோசித்தாள். "நேத்து மதியத்துலேருந்து போன மாதிரி தெர்ல."

அதற்குமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்துக்குப் போய், அதை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு தன்னையே அழிக்க ஆரம்பித்திருந்தது. செப்சிஸ் என்போம். ஆக்சிஜன் வைத்தேன், சலைன் ஏற்றினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, "வெறும் மயக்கம் இல்ல டாக்டர், செப்சிஸ் மாதிரி இருக்கு. ரெடியா இருங்க," என்றேன். டிரைவர் அண்ணன் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டினார். டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போன கையோடு மருந்தை ஏற்றினார்கள். எல்லாம் நடக்க வேண்டிய மாதிரிதான் நடந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் இறந்துபோனாள். தோழிதான் போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

நோயாளிகளின் வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. ஆனால் அவள் புருஷன் என்னைப் பார்க்க வேண்டும் என்று தோழியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு லீவு நாளில் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. அவர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கான்ட்ராக்டில் வெல்டிங் வேலை பார்க்கிறவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"நடந்து வந்து வண்டியில ஏறினாளாமே சிஸ்டர். நடந்து வந்தவ எப்டி செத்துப்போவா?"

இந்த நோய் அப்படித்தான் என்றேன். உடம்பு முடிந்தவரை சமாளிக்கும், பிறகு ஒரேயடியாகக் கைவிட்டுவிடும்.

"எப்ப இட்டுக்கினு வந்திருந்தா பொழச்சிருப்பா?"

எப்போது வந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"குளிர் வந்த அன்னைக்கே வந்திருந்தா பொழச்சிருக்கலாம்."

அவர் மெல்லத் தலையாட்டினார். "அன்னிக்கு நான் ஊட்லதான் இருந்தேன். ரெண்டு போர்வை எடுத்துப் போத்தினேன். 'நீ போய்யா, ஷிப்டுக்கு லேட்டாவுது'ன்னு அவதான் தொரத்துனா."

அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் உண்மையைச் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நானும் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அந்த லைன் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவரிடமிருந்து எனக்கு போன் வரும். "பக்கத்து ஊட்டம்மாவுக்கு ஜொரம் சிஸ்டர். மூச்சு வாங்கல. கை சூடாத்தான் இருக்கு. தெளிவா பேசறாங்கோ. ஒண்ணுக்குப் போனாங்கோ. பயம் இல்லியே?" பயமில்லை என்பேன். நன்றி சொல்லி வைத்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் அவர் மகளுக்கே காய்ச்சல் என்று போன் வந்தது. வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டரிடம் உடனே காட்டச் சொன்னேன்.

"காட்டிட்டேன் சிஸ்டர். சளி ஜொரம்தான், இப்ப கொறஞ்சிடுச்சு."

"அப்புறம் என்னங்க?"

"மூச்ச எண்றத நிறுத்த முடில சிஸ்டர்." அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் மகள் டிவியில் எதையோ பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.