பூட்டாமல் விட்ட பழைய லிங்க்குகள்

கிள்ளான் பாசாரில் கீரை விற்கும் அண்ணன் என் மகளைப் பார்த்து, "பாப்பாவுக்குக் கடலை ஆகாதுல்ல?" என்று கேட்டபோது எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணே?"

"தாஸ்கா ஆன்டி கோயில் குரூப்புல லிங்க் போட்டாங்களே, அதுல பாத்தேன். அழகா செஞ்சிருக்கீங்க லா. செவ்வாக்கிழமை மட்டும் உங்க தம்பி வந்து கூட்டிட்டுப் போவாராமே?"

அவர் நல்லவர். ஒரு கட்டுக் கீரை சும்மாவே போட்டுக் கொடுத்தார். நான் மகளின் கையை விடாமல் நின்றேன்.

அந்த லிங்க் நான் செய்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய நிறுவனத்தில் இணையச் செயலிகள் எழுதுகிறேன். மகள் போகும் தாஸ்காவுக்கு, அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு, ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். வேலை முடியுமுன் காப்பகத்தை நடத்தும் ஆன்டி பார்த்துக் கருத்துச் சொல்வதற்காக, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முன்னோட்டப் பிரதி கிளவுடில் ஏறும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லிங்க் கிடைக்கும். அதைக் கடவுச்சொல்லால் பூட்டலாமா என்று தொடக்கத்திலேயே பாஸிடம் கேட்டேன்.

"பிரிவியூதானே லா, யாரு வந்து பாக்கப் போறா? ஆன்டிக்கு அவங்க போன் பாஸ்வர்டே ஞாபகம் இருக்காது. நீ ஏன் எல்லாத்துக்கும் பயப்படுற?"

நான் பயந்தவள்தான். காய்ச்சல் இல்லாதபோதும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள். இதுவும் அந்த வகைப் பயம்தானோ என்று வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாதிரிக்கு என்று ஆன்டி குழந்தைகளின் பட்டியலைப் படங்களோடு அனுப்பியிருந்தார். நானும் அப்படியே ஏற்றினேன். முதல் பதிவு என் மகள். படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த விவரம் அவளுடையதுதானே.

வீட்டுக்கு வந்ததும், யாரையும் கேட்காமல் கடவுச்சொல் போட்டுப் புதுப் பிரதி ஏற்றினேன். ஆன்டிக்கு மட்டும் அனுப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் எப்போதும் சத்தத்தை அணைத்துவைத்திருக்கும் கோயில் குரூப்பைத் திறந்தால், புது லிங்க், அதன் கீழேயே கடவுச்சொல், இரண்டு கும்பிடும் கைகள். ஆன்டிக்குப் போன் செய்தேன்.

"ஆன்டி, அதை உடனே அழிச்சிடுங்க!"

"ஏம்மா கத்துற? திறக்க முடியலைன்னு எல்லாரும் கேட்டாங்க. நம்ம ஆளுங்கதானே?"

அந்த நம்ம ஆளுங்களில் பாதிப்பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அந்தப் பிரதியை அழித்துவிட்டு, வேறு கடவுச்சொல்லோடு இன்னொன்று ஏற்றினேன். அப்புறமும் மனம் ஆறவில்லை. குரூப்பில் மேலே போய், ஆன்டி முதலில் அனுப்பிய லிங்க்கை அழுத்தினேன். எதையும் கேட்காமல் திறந்தது. முதல் படத்தில் மகள் சிரித்தாள்.

பூட்டைச் செயலியின் குறியீட்டுக்குள் எழுதியிருந்தேன். அதனால் அதற்குப் பிறகு ஏறிய பிரதிகளுக்கு மட்டுமே பூட்டு. பழையவை முப்பத்தெட்டு, குழந்தைகளின் விவரங்களோடு, திறந்தே கிடந்தன. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தேன்? ஒவ்வொன்றாக அழித்தேன்.

பாஸ் போன் செய்தார். "நாளைக்கு டெமோ! யாரைக் கேட்டு அழிச்ச?"

"யாரையும் கேக்கல, பாஸ். கேட்டப்போ பயப்படுறேன்னு சொன்னீங்க."

மறுநாள் இல்லாத பெயர்களையும் வரைந்த முகங்களையும் வைத்து டெமோ காட்டினேன். ஆன்டிக்கு ஒரே ஏமாற்றம்.

"யாரு இந்தப் புள்ளைங்க? நம்ம புள்ளைங்க ஒண்ணுகூட இல்லையே?"

"வேலை முடியிற வரைக்கும் அவங்க இதுல இருக்கக் கூடாது, ஆன்டி."

பாஸ் என்னை முறைத்தார். நான் அடுத்த திரையைக் காட்டினேன்.

அந்த முப்பத்தெட்டையும் யார் யார் திறந்து பார்த்தார்கள், யார் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தம்பியைச் செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று நானே சீக்கிரம் கிளம்பி, மகளைக் கூட்டிவரக் கிள்ளான் ரயிலைப் பிடிக்கிறேன். பாஸ் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.