அடுப்புக்கு அடியில் குங்குமம்

இன்று தேரடி வீதியில், அடுப்பு ரிப்பேர் கடையில் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த புதுப்பெண்ணுக்கு அறிவுரை சொன்னேன்.

"அடுப்பு மேல தண்ணி ஊத்தாதம்மா, துரு பிடிச்சிடும். துணியால தொடைச்சா போதும்."

"எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"அனுபவம்" என்றேன். மீதியை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளில், பல வருஷம் காத்திருந்து எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது. வெள்ளிதோறும் விறகடுப்பை மெழுகிக் கோலம் போட்ட கை சும்மா இருக்குமா? புது அடுப்பின் தலையிலும் வாராவாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மாக்கோலம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தேன். ஒரே வருஷத்தில் அடித்தகடு அப்பளமாக நொறுங்கியது.

வீட்டுக்காரர் பதறிப்போய் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்.

நான் முந்திக்கொண்டேன். "ஓடு ஒழுகுதுங்க. மழைத்தண்ணி பட்டுடுச்சு."

மெக்கானிக் அடுப்பைக் கவிழ்த்தார். துருவோடு குங்குமமும் கட்டி கட்டியாக விழுந்தது.

"ஏம்மா, உங்க வீட்டு மழையில குங்குமம் ஜாஸ்தியோ?"

வீட்டுக்காரர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இன்று என் முறை வந்தது. கடைக்கார பாய் என் அடுப்பைக் கவிழ்த்துத் தட்டினார். துரு உதிர்ந்தது. கூடவே சிவப்பாக இன்னொன்றும் உதிர்ந்தது.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, அது குங்குமம் தானே?"

இப்போது எங்களுடையது மாடி வீடு. ஓடு ஒழுகுது என்று சொல்லவும் வழியில்லை.

நல்ல காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை அதே கடைக்கு, ரிப்பேரான அடுப்பைத் திரும்ப வாங்கப் போக வேண்டும்.