நான்கு களம் போட்ட ஆதம்பாவா

மாவடிப்பள்ளி வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒரே வயலுக்கு நான்கு களம் போட்ட மனிதர் எனக்குத் தெரிய ஒருவர்தான். அவர் என் மனைவி ஹாஜறாவின் தகப்பனார் ஆதம்பாவா. அவர் அப்படிச் செய்ததற்கு ஊரில் பலர் பல காரணம் சொன்னார்கள். பெரும்பாலானவை பிழை. நடந்தது என் பெயரோடும் சம்பந்தப்பட்டது என்பதால் அதை முறையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் அவரைப் பற்றி. ஆதம்பாவா உட்கார்ந்து தேநீர் குடித்ததை நான் கண்டதில்லை. கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடப்பார். சுபஹுத் தொழுகை முடிந்தால் வயல். வயலில் வேலை இல்லாவிட்டால் வரம்பு. வரம்பிலும் வேலை இல்லாவிட்டால் அடுத்தவன் வரம்பு. கலியாணம் முடித்து அவருடைய மகளின் வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவர் என்னுடன் நேரடியாகக் கதைத்ததும் இல்லை. அது கோபம் அன்று. மருமகனுக்கு அவர் கொடுத்த மரியாதை அது. சொல்ல வேண்டியதை ஹாஜறாவுக்குச் சொல்வார். நானும் அவ்வாறே செய்தேன். மூவரும் ஒரே முற்றத்தில்தான் நின்றுகொண்டிருப்போம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு பல்கலைக்கழகமொன்றின் விவசாய பீடம் எங்கள் பகுதியில் நெல்லின ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கியது. பொறுப்பாக வந்தவர் விரிவுரையாளர் றெஜினோல்ட்; எங்களுக்கு 'சேர்'. கல்முனை மெதடிஸ்த குடும்பமொன்றின் பிள்ளை. எங்கள் பேச்சும் எங்கள் மண்ணும் அறிந்தவர். நான் எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவன். ஆனாலும் விவசாயப் பிரசுரங்களை அகராதியின் துணையுடன் வாசித்துப் பழகியிருந்தேன். அதைக் கண்டு அவர் என்னைத் தற்காலிகக் கள உதவியாளராக எடுத்தார். பரிசோதனை ஒழுங்காக முடிந்தால் வளாகத்தில் நிரந்தரப் பதவி ஒன்றுக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். அன்றிலிருந்து எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

பரிசோதனைக்கு எடுத்தது ஹாஜறாவுக்குச் சீதனமாக எழுதிய வயல். அதில் வேளாண்மைச் செய்கை பார்த்தவர் ஆதம்பாவா. வயலை நான்கு பாத்திகளாகப் பிரித்து, மூன்றில் புதிய இனங்களையும் ஒன்றில் உமி கறுத்த எங்கள் பழைய நெல்லையும் விதைத்தோம். எது கூடுதலாக விளைகிறது என்று நிறுத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எனவே வெட்டிய கதிரை நான்கு சூடாக, அதாவது நான்கு தனிக் குவியலாக, அடுக்கிவைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்துணி கட்டினேன்.

"ஹாஜறா, நாலு சூட்டையும் வேற வேறயா வைக்கணும் எண்டு வாப்பாக்கிட்டச் சொல்லு" என்றேன்.

"கேட்டுட்டன் எண்டு சொல்லு" என்றார் ஆதம்பாவா, கோப்பையுடன் நடந்தபடி.

"ஒண்டோட ஒண்டு முட்டவும் கூடாதாம், வாப்பா" என்றாள் ஹாஜறா.

"முட்டாது எண்டு சொல்லு. கலியாண வீட்டில சம்பந்தகாரரை வைக்கிற மாதிரி வைக்கிறன் எண்டு சொல்லு."

சொன்னபடியே வைத்தார். தவறு அங்கு நிகழவில்லை.

எங்கள் வட்டையில் களத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு களத்தில் விழுந்த நெல் ஒரே பொலி, ஒரே நெற்குவியல். அதைக் களத்தில் வைத்துப் பிரிப்பதில்லை. அளவைச் சத்தமாகச் சொல்வதில்லை. நெல் வீட்டுக்குப் போகும்வரை எண் எதுவும் வாயில் வராது. பிரித்தாலும் எண்ணினாலும் பரக்கத்து, அதாவது விளைச்சலில் உள்ள இறையருள், போய்விடும் என்பது நம்பிக்கை. பெண்கள் களத்துக்குள் கால் வைப்பதும் இல்லை. இவையெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் சூட்டைப் பிரித்து வைக்க உடன்பட்டவர் களத்திலும் பிரித்துப் போடுவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். களத்தில் பிரிப்பதென்பது ஒருவர் கேட்கக்கூடிய விடயம் என்றே அவர் நினைக்கவில்லை.

கதிரடிக்கும் சூடடிப்பு நாளில் நான் கல்முனை பஸ் நிலையத்துக்குப் போனேன். றெஜினோல்ட் சேரும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த கல்முனை மாணவி மங்களேஸ்வரியும் தராசுடன் வந்து இறங்கினார்கள். நாங்கள் மாவடிப்பள்ளியை நெருங்கும்போது வானம் கறுத்துவிட்டது. கதிரை மிதிக்க வந்த உழவு மெசின்காரர் அச்சிமுகம்மது, "இப்ப அடிச்சா அடிச்சது, இல்லாட்டி அடுத்த கிழமை" என்று சொல்லியிருக்கிறார். ஆதம்பாவா காத்திருக்கவில்லை. சூடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக் களத்தில் போட்டு மெசினை ஓட்டுவித்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு பாத்தியின் நெல்லும் ஒரே குவியலாக, மேலே வைக்கோல் மூடி, அழகாக இருந்தது.

"எது எந்தப் பாத்தி, வாப்பா?" என்று றெஜினோல்ட் சேர் கேட்டார்.

"எல்லாம் ஒரு பொலிதான், சேர். நல்ல பொலி. மழைக்கு முந்தி ஒதுக்கிட்டம், அல்ஹம்துலில்லாஹ்." பிறகு மடியை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த நான்கு நிறத்துணிகளையும் எடுத்து நீட்டினார். "துணியும் பத்திரம்."

களத்துக்கு வெளியே வரம்பில் நின்ற மங்களேஸ்வரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தராசை யாரும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த மாதம் அறிக்கையின் பிரதியை றெஜினோல்ட் சேரே என் கையில் தந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. கள உதவியாளரின் கவனயீனத்தால் தரவுகள் பயனற்றுப்போயின என்று ஒரு வரி. கீழே என் பெயர்.

"நான் பஸ்ஸுக்கு வந்தது உங்களைக் கூட்டிவரத்தானே, சேர்?"

"ஓம் முத்தலிப். ஆனா களம் ஆர்ட பொறுப்பு எண்டு கேட்டா நான் ஆரைச் சொல்ற? வாப்பாவை எழுத ஏலுமா?"

அந்த வரி இருக்கும்வரை சிபாரிசுக்கும் இடமில்லை. வீட்டுக்கு வந்து ஹாஜறாவுக்கு வாசித்துக் காட்டினேன். முற்றத்தில் ஆதம்பாவாவின் நடை நின்றது. சிறிது நேரம் கழித்து முன்னிலும் வேகமாகத் தொடங்கியது.

சில நாட்களின் பின், ஒரு விடியற்காலை ஆதம்பாவா உரப்பை ஒன்றில் அந்த நெல்லை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

"பின்னால போங்க" என்றாள் ஹாஜறா. "கல்முனைக்கு அங்கால வாப்பாக்குப் பஸ்ஸும் தெரியாது, பாசையும் தெரியாது."

"என்ன சொல்லிக்கொண்டு போற?"

"ஒண்டும் சொல்ல வேணாம். பின்னால போங்க."

இரண்டு பஸ் மாறினோம். ஆசனம் கிடைத்தும் அவர் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். நான் பின்னால் இருந்தேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் வந்திருப்பதில் அவருக்கு வியப்பில்லை.

பல்கலைக்கழகத்தில் அன்று பகிஷ்கரிப்பு. விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று மாணவர்கள் வகுப்புகளை விட்டு வாசலில் கூடியிருந்தார்கள். சுவரெல்லாம் சுலோகம். தொப்பியும் சாரனும் தோளில் மூட்டையுமாக வந்தவரைக் கண்டதும் வழிவிட்டார்கள்.

"ஹாஜியார், நெல்லா? அரிசியாக் கொண்டு வந்திருந்தா இண்டைக்கே பகிஷ்கரிப்பு முடிஞ்சிருக்கும்" என்றான் ஒருவன்.

"எங்கட விடுதிச் சோத்தை விட இது மெதுமையாத்தான் இருக்கும், அப்பிடியே தாங்க" என்றான் மற்றவன்.

"படிக்கப் போகாம ஏன் மனே வெயில்ல நிக்கிறீங்க?" என்று ஆதம்பாவா கேட்டார்.

"சோறு வேகல்ல, வாப்பா."

"சோறு வேகாட்டி அடுப்படியிலல்லவா நிக்கணும்?"

அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கிடையில் மங்களேஸ்வரி எங்களைக் கண்டு ஓடிவந்தாள். "முத்தலிப் காக்கா, இஞ்ச எங்க? சேர் ஆய்வுகூடத்திலதான் இருக்கார். வாங்க."

ஆய்வுகூடம் நீண்ட மேசைகளுடன் வெறிச்சோடிக் கிடந்தது. மாணவர்கள் இல்லாத வகுப்பில் றெஜினோல்ட் சேர் தனியே இருந்தார். ஆதம்பாவா மூட்டையை அவர் முன்னால் வைத்தார்.

"சேர், பிழை என்ட. இவன் உங்களைக் கூட்டிவர வந்தவன். இந்த நெல்லைப் பிரிச்செடுங்க. இவ்வளவு பெரிய கட்டிடத்தில அதுக்கு ஒரு மெசின் இல்லாமப் போகாது."

அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி, என் முன்னிலையில், வந்த முதற் பேச்சு அது.

"மெசின் இல்ல, வாப்பா" என்றார் சேர். பிறகு மூட்டைக்குள் கைவிட்டுக் கொஞ்சம் அள்ளி மேசையில் பரப்பினார். "முழு நெல்லும் எவ்வளவு எண்டு தெரியுமா?"

"ஆலைக்குப் போன மூட்டைக் கணக்கு இருக்கு" என்றேன் நான்.

"அப்ப பார்க்கலாம். நாலும் எந்த விகிதத்தில கலந்திருக்கு எண்டு தெரிஞ்சாப் போதும். கையாலதான் பொறுக்கணும்."

மங்களேஸ்வரி வாசலுக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். வகுப்புக்குப் போகக்கூடாது என்றுதான் தீர்மானமாம். நெல் பொறுக்கக்கூடாது என்று தீர்மானம் இல்லையாம். சற்று முன்னர் கேலி செய்தவர்களும் வந்தார்கள். நான்கு வெள்ளைத் தட்டுகளை வைத்துச் சாமணத்தால், அந்தச் சிறு இடுக்கியால், மணி மணியாகப் பிரித்தார்கள். கறுத்த உமி நெல் ஒரு தட்டுக்குப் போயிற்று. நீண்ட மணி இனம் இன்னொன்றுக்கு. ஆதம்பாவா மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். யாரோ கன்ரீனிலிருந்து கொண்டுவந்த தேநீரையும் நடந்தபடியே குடித்தார்.

எஞ்சிய இரண்டு இனங்களில்தான் வேலை நின்றுபோயிற்று. நிறம் ஒன்று, நீளம் ஒன்று. றெஜினோல்ட் சேர் உருப்பெருக்கியில் ஒரு மணியைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். இரண்டையும் மூன்றாம் தட்டில் போட்டார். நான்காம் தட்டு காலியாகவே கிடந்தது.

"இதை வைச்சு எழுத ஏலாது, வாப்பா. எழுதினா நான் பொய் எழுதினவனாவன்."

"அப்ப இவன்ட பேருக்கு மேல எழுதினது?"

"அது கோப்புக்குப் போயிட்டு. கிழிக்க எனக்கு அதிகாரம் இல்ல. இன்னொரு போகம் சரியாச் செய்து காட்டினா, புதிசா ஒண்டு எழுதி அதுக்கு மேல வைக்கலாம்."

"வாற பெரும்போகத்துக்கு வாங்க" என்றார் ஆதம்பாவா. மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வெகுதூரம் வந்த பிறகு, "சூடு எண்டுதானே சொல்லியனுப்பின. களம் எண்டு சொல்லல்லயே" என்றார்.

"களத்தில பிரிக்கணும் எண்டா விட்டிருப்பீங்களா, மாமா?"

பஸ் காரைதீவுச் சந்திக்கு வந்தது. இறங்கும்போது சொன்னார்: "விட்டிருக்க மாட்டன்."

அடுத்த விதைப்புக்கு முன்னரே அந்தப் பதவிக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டுவிட்டதாக அறிவித்தல் வந்தது. இனிப் பரிசோதனை எதற்கு என்று நான் ஹாஜறாவிடம் சொன்னேன். ஹாஜறாவுக்காகக் காத்திராமல் ஆதம்பாவாவே முற்றத்திலிருந்து பதில் சொன்னார்.

"வேலை போனாப் போகட்டும். கவனமில்லாதவன் எண்டு அங்க எழுதிக் கிடக்குதே, அது போகணும். என்ட பேரப்புள்ளையள் அங்க படிக்கப் போகும். போய் வாசிக்கும்."

அந்தப் போகம் முழுவதும் அவருக்கு நிலை கொள்ளவில்லை. களத்தில் பிரிக்கவும் மனம் வரவில்லை. பிரிக்காமல் என் பெயரை மீட்கவும் வழியில்லை. கதிர் முற்றிய காலத்தில் ஒருநாள் மண்வெட்டியுடன் வயலுக்குப் போனவர், ஒரு களத்தைச் செதுக்கிச் சாணி மெழுகினார். பிறகு சற்றுத் தள்ளி இன்னொன்றைச் செதுக்கத் தொடங்கினார். அடுத்த வயல் அப்துல் கபூர் வரம்பில் நின்று பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"என்ன ஆதம்பாவாக் காக்கா, நாலு பொஞ்சாதி முடிக்கிற யோசினையோ?"

"ஒண்டுக்கிட்டயே இருக்க நேரமில்ல, நாலுக்கு நான் எங்க போற? ஒரு களத்துக்கு ஒரு பொலி, கபூர். நாலு களத்துக்கு நாலு பொலி. நான் ஒண்டையும் பிரிக்கல்ல."

சூடடிப்பு நாளில் நான் வயலை விட்டு அசையவில்லை. றெஜினோல்ட் சேர் தானாகவே வந்து சேர்ந்தார். ஒவ்வொரு களத்திலும் ஆதம்பாவா தனித்தனியே பிஸ்மி சொல்லித் தொடங்கிவைத்தார். நான்கு பொலியும் நான்கு இடத்தில் குவிந்தன. தராசை எடுத்து வைத்தோம். மங்களேஸ்வரி எழுதுவதற்கு வரம்பில் நின்றாள். நிறுத்ததை நான் சத்தமாகச் சொன்னால்தான் அவளுக்குக் கேட்கும்.

ஆதம்பாவா என்னிடம் வந்தார். "முத்தலிப், நான் வாய்க்காலுக்கு அங்கால போறன். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லு."

"எதை, மாமா?"

"தராசு சொல்றதை."

நாங்கள் காத்து நின்றோம். அவர் வரம்போடு நடந்து, வாய்க்காலைத் தாண்டி, அதற்கும் அப்பால் போய்க்கொண்டிருந்தார். "இன்னும் போறாரே" என்றார் சேர். கடைசியில் வெகுதூரத்தில் நின்று, எங்களுக்கு முதுகு காட்டியபடி கையை மட்டும் உயர்த்தி அசைத்தார். நான் முதல் எண்ணைச் சொன்னேன். எங்கள் களத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழுந்ததில்லை.

புதிய அறிக்கை வந்தது. கள உதவியாளர் முத்தலிப்பின் நேரடி மேற்பார்வையில் நான்கு தனிக் களங்களில் அறுவடை அளவிடப்பட்டது என்று அதில் இருக்கிறது. பழையது கிழிக்கப்படவில்லை; கோப்பில் இதற்குக் கீழே கிடக்கிறது. இரண்டின் பிரதியும் என்னிடம் உண்டு. பதவியைப் பெற்றவர் இன்னும் அதில்தான் இருக்கிறார்.

பிரதி வந்த அன்று ஆதம்பாவா கோப்பையுடன் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"வாசி" என்றார்.

"ஆங்கிலத்தில இருக்கு, மாமா."

"தமிழாக்கி வாசி. எண் வாற இடத்தை மட்டும் விட்டுப்போட்டு வாசி."

அவர் நிற்கவில்லை. ஆகவே நானும் அவர் பின்னால் நடந்துகொண்டு, எண்களை விட்டுவிட்டு, கடைசி வரிவரை வாசித்தேன். என் பெயர் வந்த இடத்தை மட்டும் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.