வென்னா பிசைந்த பட்டி

முப்பத்தொன்பது வயதில் நாள் தள்ளிப்போனபோது வென்னா பெங்கெல்லி யாரிடமும் வாய் திறக்கவில்லை. முன்பு இரண்டு முறை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு எதிரே வந்தவர்களிடமெல்லாம் "இல்ல, நிக்கல" என்று சொல்ல நேர்ந்த கொடுமை போதும் என்றிருந்தது. கணவன் க்ளெம்முக்கு மட்டும் தெரியும். வாலரூ துறைமுகத்தில் கப்பலுக்குப் பார்லி ஏற்றுகிறவன் அவன். செய்தியைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, இப்ப மூச்சு விடலாமா கூடாதா?" என்று கேட்டான்.

அடிலெய்டுக்கு வடமேற்கே ஒரு தீபகற்பத்தில், அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான கடீனாவில் அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் வென்னாவின் பட்டறை. அந்தத் தீபகற்பம் முழுக்கச் செம்புச் சுரங்கக்காரர்கள் கட்டிவைத்த சின்னச் சின்ன ஆலயங்கள். அவற்றின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் உப்புக்காற்றில் தளர்ந்துபோய், காற்றடித்தால் பிரசங்கத்துக்கு நடுவே கடகடவென்று ஆடும். வென்னா அவற்றைக் கழற்றிக்கொண்டுவந்து, உடைந்ததை மாற்றி, ஈயக் கம்பிகளின் மடிப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே பட்டி என்னும் பசையை அடைத்துத் திருப்பித் தருவாள்.

கடைப் பட்டி இதற்கு உதவாது. அது கட்டியாக இருக்கும், மடிப்புக்குள் நுழையாது. அதனால் அவளே பிசைவாள். சுண்ணாம்புக்கல் பொடியைக் குவித்து, நடுவில் குழி செய்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, கொஞ்சம் டர்பன்டைன் விட்டு, நிறத்துக்குக் கரிப்பொடி தூவி, வெறுங்கையால் பிசைவாள். நாலு வருஷமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மாமனார் படகுக்குச் சாயம் அடிப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த டின்னில் செக்கச்செவேலென்று ஒரு பொடி. ஒரு பிடி போட்டால் பட்டி சீக்கிரம் இறுகும். மழைக்காலத்தில் கூட ஜன்னலைச் சொன்ன நாளில் கொடுக்கலாம்.

மார்ச் மாதம் புதிதாக வந்த டாக்டரம்மாவிடம் போனாள். வடக்கே ஈயம் உருக்கும் ஊரில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்தவர் அவர்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆலய ஜன்னல் ரிப்பேர்."

"ஈயக் கம்பியா? கண்ணாடி ஆடாம இருக்க என்ன வைப்பீங்க?"

"பட்டி. நானே பிசைவேன்." வென்னா கொஞ்சம் பெருமையாகவே சேர்மானங்களைச் சொன்னாள். சிவப்புப் பொடிக்கு வந்ததும் டாக்டரின் பேனா நின்றது.

"அதுவும் ஈயம்தான், மிஸஸ் பெங்கெல்லி. கம்பியைத் தொடுறது வேற. பொடியை மூச்சுல இழுக்கிறது வேற. கொட்டகையில சாப்பிடுவீங்களா?"

மத்தியானம் மேஜை ஓரத்திலேயே நின்றபடி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி தின்பது அவள் வழக்கம். "எப்பவாவது" என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். அடிலெய்டுக்குப் போய் முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சது... இதனாலயா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரியும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்த வென்னா தலையணை உறையிலிருந்து ஜன்னல் திரைவரை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள். நகங்களை ஒட்ட வெட்டினாள். வெட்டிய நகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள். கலைந்துபோன அந்த இரண்டையும் நினைத்தாள். இரண்டுமே அந்தச் சிவப்புப் பொடி டின் கொட்டகைக்கு வந்த பிறகு நடந்ததுதான். நினைக்காதே என்று தன்னையே அதட்டினாள். தேநீர்க் கோப்பையைத் தொடும்போதெல்லாம் மறுபடி நினைத்தாள்.

க்ளெம்மின் அக்கா தோரா வந்தாள். எதையும் மறைக்க முடியாத முகம் வென்னாவுடையது. ஐந்து நிமிஷத்தில் தோரா எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

"எங்கப்பா அந்தப் பொடியிலேயே புரண்டாரு. எழுபத்தாறு வயசு வரைக்கும் இருந்தாரு."

"கடைசியில சொந்தப் பேரையே மறந்துட்டாரே, அக்கா" என்றான் க்ளெம்.

தோரா மேஜையிலிருந்த தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். "தட்டெல்லாம் எங்கிட்ட குடு, என் வீட்ல கழுவிக் கொண்டாரேன்" என்றாள்.

கொட்டகையில் பக்கத்து ஊரான மூண்டாவின் ஆலயத்து ஜன்னல் ஒன்று பட்டி வைக்காமல் கிடந்தது. மே மாதம் ஆலயத்தின் ஆண்டு விழா. போதகர் ஓபி வாசலுக்கே வந்துவிட்டார்.

"எப்பவும் சொன்ன தேதிக்குக் குடுத்துடுவீங்களே, வென்னா."

"இந்தத் தடவை முடியாது, ஐயா. வேற பட்டி. காய நாளாகும்."

"பழைய பட்டியே போட்டா என்ன?"

"அதை இனிமே தொடமாட்டேன். அவசரம்னா ஓட்டைக்குப் பலகை அடிச்சுக்குங்க." போதகரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று அவர் போன பிறகுதான் உறைத்தது.

அந்த டின்னை க்ளெம் சுற்றிக் கட்டி, நகரசபைக்காரர்களிடம் ஒப்படைத்தான். பெருக்காமல், ஈரத்துணியால் கொட்டகை முழுவதையும் துடைத்தான். பிறகு கையுறை மாட்டி, அவனே பட்டி பிசைய இறங்கினான். வென்னா பொடி தன் பக்கம் பறக்காதபடி, காற்று வருகிற பக்கம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பாஸ்டி மாவு பதத்துலயா, கண்ணு?"

"அதைவிடத் தளர்வா. கரண்டியில எடுத்தா யோசிச்சு யோசிச்சு விழணும்."

"இது யோசிக்கவே இல்ல. குதிச்சிருச்சு."

"எண்ணெய் கூடிப்போச்சு. சுண்ணாம்புப் பொடி போடு. ஐயோ, அவ்வளவு இல்ல!"

மூன்றாவது சேர்மானம் ஒருவாறு தேறியது. தூரிகையால் மடிப்புக்குள் தேய்த்துத் தள்ளிவிட்டு, மேலே வெறும் சுண்ணாம்புப் பொடியைத் தூவி உரசித் துடைத்தான். அவன் மூக்கு நுனியில் கரி. அன்றுதான் அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள். சிரித்த கையோடு, வயிற்றில் ஏதோ இழுத்தது போலிருக்கவே, அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "இருக்க வேண்டியதைவிடக் கூடுதல்தான். ஆனா நான் பயந்த அளவுக்கு இல்ல. கொட்டகைப் பக்கம் போகாதீங்க. பால் குடிங்க, இரும்புச்சத்து மாத்திரை தரேன். மறுபடி பாப்போம்."

"குழந்தை?"

"பொறந்த பிறகுதான் தெரியும்."

அந்த வார்த்தையோடுதான் அவள் குளிர்காலம் முழுவதையும் கழித்தாள். அடுத்தடுத்த சோதனைகளில் அளவு இறங்கியது. ஒவ்வொரு முறையும் க்ளெம் விசிலடித்தான், அவள் பால் குடித்தாள். மூண்டா ஜன்னல் விழாவுக்குப் பிறகுதான் போனது. அது வரும்வரை ஓட்டைக்குப் பலகைதான். யாரும் செத்துப்போகவில்லை.

செப்டம்பரில் பெண் குழந்தை. எடை குறைவு, குரல் பெரிசு. டாம்சின் என்று பெயர் வைத்தார்கள். எல்லாரும் வாழ்த்தினார்கள். வென்னா குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் கண்ணைப் பார்த்தாள், விரலைப் பிடிக்கிறதா என்று பார்த்தாள். நடக்கத் தாமதமானது. பேச அதைவிடத் தாமதம். இரண்டரை வயதுவரை "நா", "போ" இரண்டே சொல். "பெங்கெல்லிங்க எல்லாருமே லேட்டுதான்" என்று தோரா சொல்லிக்கொண்டே இருந்தாள். வென்னா தலையாட்டுவாள். மனசுக்குள் அந்தச் சிவப்பு மட்டும் கலையவே இல்லை.

டாம்சின் பள்ளிக்கூடம் சேர்ந்த இரண்டாம் மாதம் டீச்சர், "உங்க பொண்ணைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்று கூப்பிட்டனுப்பினாள். வென்னா குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தாள்.

"சொல்றதுக்குச் சங்கடமா இருக்கு" என்றாள் டீச்சர். "வாயை மூடவே மாட்டேங்கிறா. பக்கத்துல யாரையும் எழுத விடமாட்டேங்கிறா. நான் கதை சொன்னா நடுவுல புகுந்து அவளே முடிச்சுடறா. வீட்ல கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"மன்னிச்சுக்குங்க, டீச்சர். கண்டிக்கிறேன்" என்றாள் வென்னா, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு. டீச்சர் விழித்தாள்.

வெளியே வந்து காரில் ஏறியவளுக்குச் சாவியைத் துவாரத்தில் போட முடியவில்லை. ஸ்டீயரிங் வளையத்தில் நெற்றியை வைத்து அழுதாள், மணி அடித்து, கதவுக் கண்ணாடியில் யாரோ தட்டும்வரை.

"ஏம்மா இங்கயே உக்காந்திருக்க? எவ்ளோ நேரமா தேடறேன். ஹானா என் பென்சிலை எடுத்துட்டா, நான் திருப்பி எடுத்துட்டேன், அவ அழுதா, எனக்குப் பசிக்குது, கதவைத் திற."